பிரம்பு, விடுதி, நேர்த்திக்கடன்: நாம் ஏற்கெனவே தேர்ந்தெடுத்த சிகிச்சைகள்

"பிள்ளையை மனநல டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போகாதே." கட்சி, சாதி, வருமானம் எல்லாவற்றையும் கடந்து தமிழ்க் குடும்பங்கள் ஒத்துப்போகிற வெகுசில கொள்கைகளில் இது ஒன்று. ஏழு வயதுப் பையன் ஸ்கேலால் பக்கத்துப் பிள்ளையின் நெற்றியைக் கிழித்திருப்பான். பள்ளியிலிருந்து மறுபடி அழைப்பு வந்திருக்கும். அம்மா தயங்கித் தயங்கி, "யாராவது டாக்டரைப் பார்க்கலாமா?" என்று கேட்டிருப்பாள். தாத்தா, பெரியப்பா, அடுத்த வீட்டு ஓய்வுபெற்ற வாத்தியார் என்று எல்லோரிடமிருந்தும் ஒரே பதில்தான் வரும்: "அவனுக்கென்ன பைத்தியமா பிடிச்சிருக்கு?"

இந்தக் கொள்கையைக் கேலி செய்வது எளிது. ஆனால் அதில் கொஞ்சம் நியாயம் இருப்பதால்தான் இத்தனை காலம் தாக்குப்பிடித்திருக்கிறது. அதன் வலுவான வடிவத்தையே முதலில் சொல்லிவிடுகிறேன். சேட்டை செய்கிற பிள்ளைகளில் பெரும்பாலோர் வளர வளர அடங்கிவிடுகிறார்கள். குழந்தைப் பருவத்தின் ஒவ்வொரு கோணலுக்கும் நோய்ப் பெயர் வைக்கும் ஆர்வம் மேலை நாடுகளில் இருக்கிறது. கனடாவில் ஒரே வகுப்பில் வயதில் இளைய பிள்ளைகளுக்கே ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவும் மிகையான பரபரப்பும்) என்ற முத்திரை அதிகம் விழுகிறது என்று 2012இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. டிசம்பரில் பிறந்த குற்றத்துக்காகச் சிலருக்கு மாத்திரை! ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு மருந்துச் சீட்டை நீட்டும் மருத்துவர்கள் இங்கும் உண்டு. மாத்திரையால் தூங்கி வழிந்த பிள்ளையைக் கண்ணால் கண்டவர்களும் உண்டு. விஷயம் வெளியே தெரிந்தால் பள்ளியில் தொல்லை, பெண் பிள்ளையென்றால் நாளைக்கு வரன் பார்ப்பதில் சிக்கல் என்ற அச்சமும் கற்பனை அல்ல. ஆகவே பொறுத்திரு, கண்டித்து வளர், சாமிக்கு வேண்டிக்கொள், எதற்கும் மசியாவிட்டால் விடுதியில் சேர். டாக்டர் மட்டும் வேண்டாம். இதுதான் வாதம்.

வாதத்தின் அஸ்திவாரத்திலேயே பிழை இருக்கிறது. டாக்டரிடம் போகாத குடும்பம், சிகிச்சையைத் தவிர்த்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறது. ஒரு பலனை எதிர்பார்த்துக் குழந்தையின் உடல்மீதும் மனத்தின்மீதும் திரும்பத் திரும்பச் செய்யப்படுகிற எதுவும் சிகிச்சையே. பிரம்பும் சிகிச்சை, விடுதியும் சிகிச்சை, தாயத்தும் சிகிச்சை. மருத்துவரிடம் "இது பலிக்குமா, பக்கவிளைவு என்ன, எத்தனை நாள்?" என்று குடைந்து குடைந்து கேட்கிற நாம், பிரம்பிடம் ஒரு கேள்வியும் கேட்பதில்லை. அந்தக் கேள்விகளை இப்போது எல்லோரிடமும் கேட்போம்.

1. "வளர்ந்தா சரியாயிடும்." யார் வளர்ந்தால்?

நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972-73இல் பிறந்த 1,037 குழந்தைகளை ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளாகப் பின்தொடர்ந்து வருகிறார்கள். அந்த ஆய்வில் பணியாற்றிய உளவியலாளர் டெர்ரி மோஃபிட் 1993இல் ஒரு வேறுபாட்டை முன்வைத்தார். பதின்வயதில் திடீரென்று முரண்டு பிடிப்பவர்கள் ஒரு வகை. எண்ணிக்கையில் இவர்களே அதிகம். பெரும்பாலோர் வயது ஏறியதும் தாமாகவே திரும்பிவிடுகிறார்கள். சின்ன வயதிலேயே அடி, கடி, பொய் என்று தொடங்கி விடாமல் தொடர்கிறவர்கள் இன்னொரு வகை. எண்ணிக்கை சிறிது, ஆனால் பிற்காலத்தில் வன்முறை, போதை, வேலையின்மை என்று கூடுதலாகச் சிக்குகிறவர்கள் இவர்கள்தான். இப்படித் தொடங்கியவர்களிலும் பலர் அடங்கிவிடுவது உண்மை. எவன் அடங்குவான், எவன் அடங்கமாட்டான் என்று திண்ணையில் உட்கார்ந்தபடி சொல்ல முடியாது என்பதும் அதே அளவுக்கு உண்மை.

நம் வழக்கமோ இதற்குத் தலைகீழ். பதினாறு வயதுப் பையன் தலைமுடியை ஒருபக்கம் வழித்துக்கொண்டு வந்தால் வீடு இரண்டுபடுகிறது. ஐந்து வயதுப் பையன் நாய்க்குட்டியின் காலை முறுக்கினால், "சின்னப் பிள்ளை, தெரியாம செய்யுது" என்று சிரிக்கிறது.

பொறுத்திருப்பதற்கும் ஓர் அளவு வேண்டும். ஆறு மாதம் கடந்தும் தொடர்கிறதா? வீடு, பள்ளி, பாட்டி வீடு என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் நடக்கிறதா? படிப்புக்கோ, நட்புக்கோ, அவன் உடம்புக்கோ அடுத்தவர் உடம்புக்கோ சேதம் வருகிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் அதற்குப் பிறகு பொறுத்திருப்பது பொறுமை ஆகாது, சூதாட்டம்.

2. "நாலு சாத்து சாத்தினா வழிக்கு வருவான்." வந்தானா?

வந்திருந்தால் ஐந்தாவது சாத்துக்கு வேலை இருந்திருக்காது. அமெரிக்க ஆய்வாளர்கள் எலிசபெத் கெர்ஷாஃபும் ஆண்ட்ரூ க்ரோகன்-கெய்லரும் ஐம்பது ஆண்டுக்கால ஆய்வுகளில் 75ஐச் சேர்த்து, 1,60,927 குழந்தைகளைப் பற்றிய தரவுகளை 2016இல் அலசினார்கள். எடுத்துக்கொண்டது எலும்பை முறிக்கும் அடியை அல்ல. திறந்த கையால் பின்புறத்திலோ கை கால்களிலோ போடும் 'சாதாரண' அடியைத்தான். அடி கூடக் கூட முரட்டுத்தனமும் மனநலச் சிக்கலும் கூடியிருந்தன. கீழ்ப்படிதல் மட்டும் கூடவில்லை. "முரட்டுப் பிள்ளைக்குத்தானே அடி அதிகம் விழும், அடியால்தான் முரடானான் என்று எப்படிச் சொல்வது?" என்று கேட்கலாம். நல்ல கேள்வி. ஆனால் அதுவும் பிரம்பைக் காப்பாற்றாது: எந்த நோய்க்கென்று கொடுத்தோமோ அந்த நோயைக் குறைக்காத மருந்தை, நோய்க்குக் காரணம் அதுவல்ல என்பதற்காக யாரும் தொடர்ந்து கொடுப்பதில்லை.

பின் ஏன் எல்லா வீட்டிலும் அடிக்கிறார்கள்? காரணம் சுவாரசியமானது. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஜெரால்டு பேட்டர்சன் என்ற உளவியலாளர், முரட்டுப் பிள்ளைகளின் வீடுகளுக்கே ஆட்களை அனுப்பி, நிமிடத்துக்கு நிமிடம் நடப்பதைக் குறித்துவரச் செய்தார். 1982இல் வெளிவந்த அவருடைய நூல் காட்டுவது ஒரு கண்ணியை. கடையில் பையன் சிப்ஸ் கேட்கிறான். அம்மா மறுக்கிறாள். கத்துகிறான், மறுக்கிறாள். தரையில் விழுந்து புரள்கிறான். நாலு பேர் திரும்பிப் பார்க்கிறார்கள். அம்மா வாங்கிக் கொடுத்துவிடுகிறாள். பையனுக்குச் சிப்ஸ் கிடைத்தது, அம்மாவுக்கு அமைதி கிடைத்தது. இருவருக்குமே பரிசு, ஆகவே இருவருமே பாடம் படிக்கிறார்கள். மறுநாள் இதே காட்சியில் அப்பா வருகிறார், பளாரென்று ஒன்று விடுகிறார், அந்த நொடியில் பையன் வாயை மூடுகிறான். இப்போது பரிசு அப்பாவுக்கு. அடுத்த வாரம் அதே அமைதிக்கு இரண்டு அறை தேவைப்படும், அதற்கடுத்து பெல்ட். அடி பலிப்பதாகத் தோன்றுவது அடிக்கிறவருக்கு அது அந்தக் கணமே கூலி கொடுத்துவிடுவதால்.

இந்தக் கண்ணியை அவிழ்ப்பதற்கென்றே உருவானது பெற்றோர் பயிற்சி. நடத்தைச் சிக்கல் உள்ள சின்னப் பிள்ளைகளுக்கு உலகில் மிக அதிகமாகச் சோதிக்கப்பட்ட சிகிச்சைகளில் இதுவும் ஒன்று. இதில் ஒரு மாத்திரைகூட இல்லை! தினமும் சிறிது நேரம் எந்த உத்தரவும் போடாமல் பிள்ளையோடு விளையாடுவது. ஒரு நேரத்தில் ஒரே ஒரு கட்டளை, அதையும் கெஞ்சாமல் கத்தாமல் சொல்வது. செய்ததை உடனே, இன்னதைச் செய்தாய் என்று குறிப்பிட்டுப் பாராட்டுவது. சில்லறைச் சேட்டையைக் கண்டும் காணாமல் விடுவது. பெரிய தவறுக்கு முன்கூட்டியே சொன்ன விளைவை, சொன்னபடி, ஒவ்வொரு முறையும் நடத்துவது. கேட்க எளிது, வாரக்கணக்கில் செய்துபார்த்தால்தான் தெரியும் கஷ்டம். "பிள்ளைக்குத்தானே பிரச்சினை, எங்களை எதுக்கு உட்கார வைக்கிறீங்க?" என்று பாதியில் எழுந்துபோகிற அப்பாக்கள்தான் இந்தச் சிகிச்சையின் பெரிய பக்கவிளைவு.

3. "அவனுக்கு ஒண்ணுமில்லை, எல்லாம் திமிர்." எதைப் பரிசோதித்துச் சொன்னீர்கள்?

கூப்பிட்டால் திரும்பாத பிள்ளைக்குக் காதில் சீழ் வைத்துக் கேட்கும் திறன் குறைந்திருக்கலாம். சில விநாடி வெறித்துப் பார்த்துவிட்டு எதுவும் நடக்காததுபோல் தொடர்வது ஒருவகை வலிப்பாக இருக்கலாம். இரவெல்லாம் வாயால் மூச்சுவிட்டுக் குறட்டை விடுகிற பிள்ளைக்கு மூக்கின் பின்னாலுள்ள அடினாய்டு சதை வீங்கித் தூக்கம் கெட்டிருக்கலாம். தூக்கம் கெட்டால் பெரியவர்கள் துவண்டு கிடப்பார்கள், குழந்தைகள் பரபரவென்று ஆடுவார்கள். டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாடு உள்ள பிள்ளை வாசிப்பு நேரம் வந்தால் சண்டை இழுத்து வெளியே அனுப்பப்படுவதையே விரும்பும், ஏனென்றால் வகுப்பில் முட்டாள் என்ற பெயரைவிட முரடன் என்ற பெயருக்கு மரியாதை அதிகம். மனச்சோர்வு பிள்ளைகளிடம் பல நேரம் அழுகையாக வராது, எரிச்சலாக வரும்.

இன்னொன்றும் இருக்கிறது. மத்திய மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு 2007இல் வெளியானது. அதில் 53 விழுக்காட்டினர் ஏதாவதொரு வகையான பாலியல் அத்துமீறலைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். நேற்றுவரை சாதுவாக இருந்து திடீரென்று மாறிப்போன பிள்ளையை, என்ன நடந்தது என்று கேட்காமல் அடித்து அடக்குகிற வீடு, தன்னை அறியாமல் குற்றவாளிக்குக் காவல் நிற்கிறது.

காரணங்கள் பல, வெளித்தோற்றம் ஒன்று. பிரம்புக்கு எல்லாமே ஒன்றுதான். காரணத்தைப் பிரித்தறிய ஓர் ஆள் வேண்டும், நேரம் வேண்டும், படிப்பு வேண்டும்.

"அந்தக் காலத்தில் இதெல்லாம் ஏது?" என்பவர்களுக்கு இங்கேயே பதில் சொல்லிவிடலாம். அந்தக் காலத்தில் உட்கார முடியாத பையன் ஐந்தாம் வகுப்போடு மாடு மேய்க்கவோ பட்டறைக்கோ போய்விட்டான், யாரும் கணக்கெடுக்கவில்லை. இன்று எடுக்கிறார்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் 2015-16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி 13 முதல் 17 வயதுக்குட்பட்டவர்களில் 7.3 விழுக்காட்டினருக்கு மனநலச் சிக்கல் இருந்தது. நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் ஏறக்குறைய மூன்று பேர்.

4. "மாத்திரைக்கு அடிமையாக்கிவிடுவார்கள்." யார் மாத்திரை கேட்டது?

மனநல மருத்துவம் என்றாலே மாத்திரை என்று வைத்துக்கொண்டு பேசுவதால் வருகிற வாதம் இது. ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஏ.டி.எச்.டி. என்று முடிவானாலும் முதலில் தரவேண்டியது பெற்றோர் பயிற்சி என்றுதான் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அமைப்பின் வழிகாட்டுதலே சொல்கிறது.

அதற்கு மேற்பட்ட வயதில், மருந்து தேவைப்படும் பிள்ளைகளும் உண்டு. அதை மழுப்ப வேண்டியதில்லை. அமெரிக்காவில் ஏ.டி.எச்.டி. உள்ள 7 முதல் 9 வயது வரையிலான 579 பிள்ளைகளை நான்கு பிரிவாக்கி 14 மாதம் நடத்திய ஆய்வின் முடிவு 1999இல் வந்தது. மாதாமாதம் பார்த்து அளவைச் சரிசெய்து மருந்து கொடுக்கப்பட்டவர்களிடம் கவனக்குறைவும் பரபரப்பும் நன்றாகக் குறைந்தன. மருந்தோடு நடத்தைப் பயிற்சியும் பெற்றவர்களுக்குக் குறைந்த அளவு மருந்தே போதுமாக இருந்தது. என்னைக் கவர்வது நான்காவது பிரிவு: வழக்கமாகப் போகும் டாக்டரிடமே விடப்பட்டவர்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அதே வகை மருந்தைச் சாப்பிட்டும் அந்த அளவுக்குத் தேறவில்லை. எழுதிக் கொடுத்துவிட்டு மறந்துவிடுவதற்கும், பார்த்துப் பார்த்துக் கொடுப்பதற்கும் உள்ள தூரம் அது. அதே பிள்ளைகளை மூன்றாம் ஆண்டு முடிவில் பார்த்தபோது பிரிவுகளுக்கிடையே இருந்த வித்தியாசம் மறைந்துபோயிருந்தது. எனவே மாத்திரையே கதி என்பவர்களுக்கும் இந்த ஆய்வில் ஆறுதல் கிடையாது.

அடிமையாவது? ஏ.டி.எச்.டி.க்குத் தரும் மெத்தில்ஃபெனிடேட் போன்ற மருந்துகளைச் சிறுவயதில் எடுத்தவர்கள் பிற்காலத்தில் போதைப்பழக்கத்துக்கு ஆளாவது கூடவும் இல்லை, குறையவும் இல்லை என்று 2013இல் வந்த தொகுப்பாய்வு சொல்கிறது. பசி குறையும், தூக்கம் தள்ளிப்போகும், வளர்த்தி சற்று மட்டுப்படலாம். இவை உண்மையான பக்கவிளைவுகள். முரட்டுத்தனத்தைத் தணிக்க ரிஸ்பெரிடோன் கொடுத்தால் எடை ஏறும், தூக்கம் வரும். ஆகவே கேளுங்கள்: நோயின் பெயர் என்ன, இந்த மருந்து எந்த அறிகுறிக்கு, எத்தனை வாரத்தில் பலன் தெரியவேண்டும், எடையும் உயரமும் யார் பார்ப்பது, எப்போது நிறுத்துவோம்? பதில் சொல்லாத டாக்டரை மாற்றுங்கள். ஒரு டாக்டர் சரியில்லை என்பதற்காக மருத்துவத்தையே விலக்கிவைப்பது, மோசமான வாத்தியார் ஒருவர் இருந்தார் என்று பிள்ளையைப் பள்ளிக்கே அனுப்பாமல் இருப்பதற்குச் சமம்.

5. "பெயர் கெட்டுப்போகும்." இனிமேலா?

அடங்காப்பிடாரி, தறுதலை, உருப்படாதது. பட்டங்கள் எல்லாம் ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது. கொடுத்தது டாக்டர் இல்லை. டாக்டர் தரும் பெயர் கோப்புக்குள் இருக்கும். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 23ஆம் பிரிவில் நோயாளியின் ரகசியத்தைக் காக்கச் சொல்கிறது. உறவுக்காரர்கள் வைத்த பெயருக்கு அப்படி ஒரு பிரிவும் கிடையாது.

"கரண்ட் வைச்சிருவாங்க" என்ற பயம் சினிமா கொடுத்தது. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையை வைத்து அரை நூற்றாண்டாக நகைச்சுவை செய்தவர்கள் இதற்கும் சேர்த்துப் பொறுப்பேற்க வேண்டும். சிறாருக்கு மின் அதிர்வு சிகிச்சையை அதே சட்டத்தின் 95ஆம் பிரிவு தடை செய்கிறது. தவிர்க்கவே முடியாத நிலையில் பாதுகாவலரின் சம்மதமும் மனநல மறுஆய்வு வாரியத்தின் முன் அனுமதியும் வேண்டும்.

பள்ளி டி.சி. கொடுத்துவிடும் என்று பயப்படுகிறவர்கள் கல்வி உரிமைச் சட்டத்தைப் படிக்கட்டும். 16ஆம் பிரிவின்படி தொடக்கக் கல்வி முடியும்வரை பிள்ளையை வெளியேற்ற முடியாது. 17ஆம் பிரிவு அடிப்பதையும் மன உளைச்சல் தருவதையும் தடுக்கிறது. சிறுபான்மைப் பள்ளிகளை இந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது என்பது உண்மை. "நீங்களே எழுதிக் கொடுத்து வாங்கிட்டுப் போயிடுங்க" என்று பள்ளிகள் நைச்சியமாகச் சொல்வதும் உண்மை. அப்படிச் சொன்னால் எழுதிக் கொடுக்காதீர்கள்.

6. "ஹாஸ்டலில் போட்டால் திருந்துவான்." யாரோடு சேர்ந்து?

உங்களைப் போலவே நினைத்த நூறு பெற்றோர் அனுப்பிவைத்த நூறு பிள்ளைகளோடு. நடத்தைச் சிக்கல் உள்ள பதின்வயதினரை ஒன்றாகக் கூட்டிவைத்தால் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொண்டு மோசமாகக்கூடும் என்று தாமஸ் டிஷியனும் அவருடைய சகாக்களும் 1999இலேயே எச்சரித்தார்கள். 'தாரே ஜமீன் பர்' படத்தைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்ட ஊர் இது. அதில் வரும் டிஸ்லெக்சியா பையனை விடுதிக்கு அனுப்பியதுதான் அவனை உடைத்தது என்பதை மட்டும் மறந்துவிட்டோம். (எல்லாப் பையனுக்கும் ஓவியம் வராது, எல்லா விடுதியிலும் ஆமிர் கான் போல ஓர் ஆசிரியர் வரமாட்டார்.)

7. "சாமியிடம் விட்டுவிட்டோம்." விடுங்கள், டாக்டரையும் பாருங்கள்.

முடி இறக்குவதாலும் மந்திரிப்பதாலும் பெரிதாகக் கேடு வந்துவிடாது. சிகிச்சையின் இடத்தில் அது வந்து உட்காரும்போதுதான் கேடு. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தர்காவை நம்பிக் கொண்டுவிடப்பட்டு, காப்பகத்தில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டார்கள். அவர்களைச் சங்கிலியில் கட்டியது பக்தி இல்லை, 'வேறு வழியில்லை' என்ற எண்ணம். இன்று அதே ஏர்வாடியில் தர்காவின் ஒத்துழைப்போடு அரசு மனநல மருத்துவம் பார்க்கிறது. துவாவும் மருந்தும் அங்கே சண்டை போட்டுக்கொள்ளவில்லை.

இதைவிட எனக்குக் கோபம் வருவது படித்தவர்களின் நேர்த்திக்கடன்கள்மீது. டாக்டருக்குக் கொடுக்கும் கட்டணத்துக்குக் கணக்குப் பார்க்கிறவர்கள், கண்ணைக் கட்டிக்கொண்டு படிக்கவைப்பதாகச் சொல்லும் 'மூளைத் தூண்டல்' வகுப்புக்கு ஆயிரக்கணக்கில் கட்டுகிறார்கள். ஆட்டிசத்துக்கு ஸ்டெம்செல் ஊசி போட லட்சங்களைத் திரட்டுகிறார்கள். அப்படிப் போடுவது தொழில்முறை நடத்தை விதிமீறல் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022 டிசம்பரில் அறிவித்துவிட்டது. பலகை மாட்டியவரெல்லாம் உளவியலாளர் இல்லை. மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு எண் இருக்க வேண்டும்; கேட்டு வாங்கிப் பாருங்கள். மூன்றே அமர்வில் மாற்றிக்காட்டுகிறேன் என்று உத்தரவாதம் தருகிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

8. "எல்லாம் அம்மா கொடுக்கிற செல்லம்."

இதே குற்றச்சாட்டை ஒருகாலத்தில் மேலை நாட்டு நிபுணர்களே சொன்னார்கள். ஆட்டிசத்துக்குக் காரணம் பாசமற்ற தாய் என்று 1967இல் புரூனோ பெட்டல்ஹைம் புத்தகமே எழுதினார். அது பொய் என்று பிறகு நிரூபணமானது. அதற்குள் ஒரு தலைமுறைத் தாய்மார்கள் குற்றவாளிக் கூண்டில் நின்று முடித்திருந்தார்கள். பெற்றோருக்குப் பயிற்சி தருவதால் பெற்றோர்தான் காரணம் என்று ஆகாது. சர்க்கரை நோயுள்ள பிள்ளைக்கு ஊசி போட அம்மாவுக்குக் கற்றுத்தருவது, சர்க்கரையை அவள் வரவழைத்தாள் என்பதால் இல்லையே.

கடைசியாக, அந்தத் தாத்தாவிடமும் பெரியப்பாவிடமும் ஒரு வார்த்தை. குழந்தைகளுக்கென்று தனியாகப் படித்த மனநல மருத்துவர்கள் நம்மிடம் குறைவு, இருப்பவர்களும் பெரும்பாலும் பெருநகரங்களில். ஆனாலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின்கீழ் மாவட்ட மருத்துவமனையிலும் பார்க்கிறார்கள். எங்கே போவது என்றே தெரியாவிட்டால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு எந்த நேரத்திலும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். மருமகள் கிளம்பும்போது வாசலில் நின்று வாதம் செய்யாதீர்கள், கூடவே போங்கள். ஓ.பி. சீட்டுக்கு ஒருவர் வரிசையில் நிற்க வேண்டும், இன்னொருவர் பையனைப் பார்த்துக்கொள்ள வேண்டும். டாக்டர் கேட்கிற கேள்விகளில் பாதிக்கு உங்களுக்குத்தான் பதில் தெரியும்.